இரத்தக்குழாய் உள்வரிச் செல்லில் எந்தப் புரதம் எங்கே?

விஇ-காதெரின் செல்லும் செல்லும் ஒட்டும் விளிம்பில்தான் இருக்கும். செல்லை அடித்தளத்தோடு பிடித்துவைக்கும் இன்டெக்ரின்கள் பெரும்பாலும் அடிப்பக்கம். வெள்ளணுக்களைப் பிடிக்கும் பி-செலக்டின் அப்படியில்லை. சும்மா இருக்கும் செல்லில் அது வெய்பல்–பலாடே உறைகள் என்ற சேமிப்புப் பைகளுக்குள், 1 முதல் 5 மைக்ரான் நீளக் குச்சிகளாகப் பதுங்கியிருக்கும்; இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் பட்டால் சில நிமிடங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடும். எனக்கு இதில்தான் பெரிய வியப்பு.

அதனால் பி-செலக்டினைக் காட்டும் ஒரே ஆன்டிபாடிச் சாயத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்தி, ஒரு கண்ணாடித் தகட்டில் 0.1% ட்ரைட்டான் (ஆன்டிபாடி உள்ளே போகும்படி செல்சவ்வைத் துளைக்கும் சோப்பு) 5 நிமிடம். இன்னொன்றில் ட்ரைட்டானே வேண்டாம். குச்சிகள் முதலாவதில் மட்டும் தெரிந்தால் புரதம் இன்னும் உள்ளேதான்.

விஇ-காதெரினின் விளிம்புக் கோடு விட்டுவிட்டுத் தெரிகிறதா? ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன் செல்களைக் கழுவிய பிபிஎஸ்ஸை (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) பாருங்கள். கால்சியம் இல்லாமல் காதெரின் பிடி தளரும். நிலைப்படுத்தும் வரை கால்சியம், மக்னீசியம் சேர்ந்த, வெதுவெதுப்பான பிபிஎஸ்தான் சரி. செல்கள் நெருங்கி நிறைந்திருக்கவும் வேண்டும்.

புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்தில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடு டப்பாவை உடனே திறந்தால் கண்ணாடி முழுக்க நீர் முத்து கோக்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள்.