வைஃபையில் சேராத போனை அழிப்பதற்கு முன்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கள் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்கள் அனுப்பும் குரல் பதிவும் பிள்ளைகளின் படங்களும் வந்துபோவது பெரும்பாலும் வீட்டு வைஃபை வழியாகத்தான். ஆகவே போன் வைஃபையில் சேரவில்லை என்றதும் வீட்டில் பதற்றம் வந்துவிடுகிறது. உடனே கடைக்குப் போகிறார்கள், அங்கே முதல் வைத்தியமாக 'பேக்டரி ரீசெட்', அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது, செய்து கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்காவின் போன் அப்படித்தான் துடைத்து அழிக்கப்பட்டது. துபாயிலிருந்து கணவர் அனுப்பியிருந்த பழைய குரல் பதிவுகள் எல்லாம் போய்விட்டன, வைஃபையோ அப்போதும் சேரவில்லை. கோளாறு போனில் இல்லை, ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறாததால்தான் இதை எழுதுகிறேன்.

வைஃபை பட்டியலில் நம் வீட்டு இணைப்பின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். போன் எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்காமல் போனை அழிப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால், போன் ரவுட்டரின் அலையைக் கேட்கவே இல்லை என்று பொருள். பழைய, விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவை எத்தனை முறை தேடினாலும் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. கீழக்கரையின் பழைய வீடுகளில் உள்ள தடித்த சுவர்களும், கடலோரக் குடியிருப்புகளின் தகரக் கூரையும் தகரத் தடுப்பும், ரவுட்டரை ஒட்டி நிற்கும் இரும்புப் பீரோவும் அலையைத் தடுப்பதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அமெரிக்காவில் விற்பனைக்கென்று செய்யப்பட்ட போனை உறவினர் கொண்டுவந்து கொடுத்திருந்தால், இந்தியாவில் அனுமதிக்கப்பட்டுள்ள 12, 13 ஆம் சேனல்கள் (அலைக்குள் உள்ள தனித்தனிப் பாதைகள்) அந்தப் போனுக்குத் தெரியாமல் போகலாம். ரவுட்டரில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் நீங்கும்.

பெயர் தெரிகிறது, ஆனால் 'அங்கீகரிப்புச் சிக்கல்' என்று வருகிறது என்றால் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டும். கண் படத்தைத் தொட்டு, எழுத்துகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வது நல்லது. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் ரவுட்டர் மறுத்துவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறையைச் சந்தேகிக்க வேண்டும். டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை 2018 இல் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் 10 ஆம் பதிப்பிலிருந்துதான் அதற்கு ஆதரவு உண்டு. புதிய ரவுட்டர் அந்த முறையை மட்டும் ஏற்கும்படி அமைந்திருந்தால், பழைய போன் வாசலிலேயே நின்றுவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், முந்தைய முறையான டபிள்யூபிஏ2, அதனுடன் ஏஇஎஸ் என்ற குறியாக்கம் என்று மாற்றினால் போதும். அந்த அக்காவின் வீட்டில் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

அடுத்த படிதான் மக்களை அதிகம் குழப்புவது: 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற வரி சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு 'சேமிக்கப்பட்டது' என்று ஓய்ந்துவிடும். ரவுட்டர் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, ஆனால் போனுக்கு ஓர் எண் முகவரியை வழங்கவில்லை. இதை ராமேஸ்வரத்து லாட்ஜுகளில் நன்றாகப் பார்க்கலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் யாத்திரிகர்கள் வந்து, அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு, பலர் அன்று மாலையே ஊர் திரும்புகிறார்கள். ரவுட்டரோ வழங்கிய முகவரியை உடனே திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒரு முகவரி ஒரு போனுக்கு உரியதாக இருக்கும் நேரத்தை, அதாவது குத்தகைக் காலத்தை, 24 மணி நேரம் என்று வைத்திருந்தால், காலையில் கிளம்பிப் போனவரின் போனுக்கு உரிய முகவரி மறுநாள் வரை அவர் பெயரிலேயே கிடக்கும். 192.168.1.100 முதல் 199 வரை வழங்கும்படி அமைந்த ரவுட்டரில் இருப்பதே 100 முகவரிகள். குடும்பத்துக்கு நான்கைந்து போன் என்று கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும்போது அவை தீர்ந்துபோவதில் வியப்பில்லை. புதிதாக வந்தவர் தம் போன் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சிறிது நேரம் சரியாகிறது, மறுபடியும் அதே கதை. குத்தகைக் காலத்தை ஒரு மணி, இரண்டு மணி என்று குறைத்து, முகவரி வரம்பையும் விரித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். லாட்ஜ் நடத்துபவர்கள் தங்களுக்கு இணைப்புக் கொடுத்தவரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

வீடுகளில் இதே வரி வந்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். முன்பு யாரோ போனில் அந்த வீட்டு இணைப்புக்கு நிலையான முகவரி ஒன்றைப் பதிந்துவிட்டிருக்கலாம். அதை மீண்டும் 'டிஹெச்சிபி' என்று, அதாவது ரவுட்டரே முகவரி வழங்கும்படி, மாற்ற வேண்டும். பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் ரவுட்டர் என்றால், ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணை) மறைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுவதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் கருவியின் சொந்த முகவரியைக் காட்டும்படி அமைத்தால் ரவுட்டர் அடையாளம் கண்டுகொள்ளும்.

'இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இன்டர்நெட் இல்லை' என்று வந்தால் முதலில் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கம்பி அறுந்திருக்கிறது அல்லது அதில் ஒளி வரவில்லை. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இது புதிதல்ல, போனைத் தொடவே வேண்டாம். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்து ஒரு போன் மட்டும் தவித்தால், அதன் தேதியைச் சரிபார்க்க வேண்டும். பல நாள் அணைந்து கிடந்த, சிம் இல்லாத பழைய போன் தவறான தேதியோடு விழித்துக்கொண்டால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று கருதி பெரும்பாலான தளங்களைத் திறக்க மறுக்கும். இணைப்பை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் விபிஎன் செயலியும், யாரோ எப்போதோ பதிந்துவைத்த தனிப்பட்ட டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) அமைப்பும் இதே குழப்பத்தைத் தரும்.

இவற்றில் எதுவும் பலிக்காவிட்டால், அந்த இணைப்பை 'மறந்துவிடு' கொடுத்து மீண்டும் சேரலாம். அதற்கும் மேலே, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் ப்ளூடூத் இணைப்புகளும் போகும், படங்களும் பதிவுகளும் அப்படியே இருக்கும்.

வைஃபை பொத்தானே இயங்கவில்லை, அல்லது ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும்தான் சேருகிறது என்றால், அது கருவிக்குள் இருக்கும் பழுதாக இருக்கலாம். கடலுக்குப் போய்வரும் போன்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். அது ஆன்டெனா தொடும் சிறு உலோக முனைகளை மெல்ல அரிக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உப்பு வெளியேறாது. போன் நனைந்தவுடன் அணைத்து, சார்ஜ் போடாமல், கூடிய விரைவில் கடையில் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்த முனைகளைத் துடைக்கச் சொல்ல வேண்டும். போர்டையே மாற்றியாக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், சம்மதிப்பதற்கு முன்பே படங்களையும் குரல் பதிவுகளையும் யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் எடுத்துத் தரும்படி கேளுங்கள். திரை வேலை செய்யும் போனில், வைஃபை இல்லாமலும் அதைச் செய்ய முடியும்.