தலையும் பாலமும்

கச்சேரி மேடையில் பையைத் திறந்து பேஸ் கிட்டாரை வெளியே எடுத்ததும், கூட வாசிக்கிறவர்களின் பார்வை நேராக அதன் கழுத்து நுனியில் இருக்கும் தலைக்குத்தான் போகும். தலையில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று படித்த பிறகுதான் ஆளையே பார்ப்பார்கள். "ஸ்கொயராண்ணே? பரவால்ல, வீட்ல வச்சுப் பழகலாம்" என்று ரிதம் பேட் வாசிக்கிற தம்பிகூடச் சொல்லிவிடுவார். ராமநாதபுரம் தொடங்கி தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கோயில் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் போய் வாசிக்கிற குழுக்களில் பிராண்டுகளின் இந்த வரிசை எழுதாத சட்டம். உச்சியில் அமெரிக்க ஃபெண்டர். அதற்குப் பக்கத்தில் மியூசிக் மேன். நடுவில் ஐபனீஸ், யமஹா. கீழே கார்ட், ஸ்கொயர். அதற்கும் கீழே கொல்கத்தா கிவ்சன். பந்தியில் இலை போடுகிற மாதிரி, யாருக்கு எந்த இடம் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

வரிசையில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரைக் கொண்டுவரும் முன் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயர டபுள் பேஸ்தான். அவர் வைத்த 34 அங்குலக் கம்பி நீளத்தைத்தான் இன்று பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுகின்றன. 1960-ல் அதே கம்பெனியின் ஜாஸ் பேஸ் வந்தது. 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது, "சி.பி.எஸ்ஸுக்கு முந்தினது" என்பது அதன் பிறகு குலப்பெருமை போல ஆகிவிட்டது. ஆனால் விற்றுவிட்டுப் போன அதே லியோ, 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயிலும் கைவைத்தார், பிறகு ஜி அண்டு எல் கம்பெனியையும் தொடங்கினார். விசுவாசம் ஆளுக்கா, ஒட்டியிருக்கும் பெயருக்கா என்று கேட்டால் மேடையில் யாரும் பதில் சொல்வதில்லை. ஸ்கொயரும் ஃபெண்டர் கம்பெனியின் பெயர்தான். 1982-ல் ஜப்பானில் செய்த கிட்டார்களுக்கு வைத்தார்கள். கார்ட் கம்பெனியின் இந்தோனேசியத் தொழிற்சாலையில் கார்ட் பெயரிலும் கிட்டார் வருகிறது, வேறு பிராண்டுகளின் பெயரிலும் வருகிறது. விரல் படுகிற பலகைக்குப் பல பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகளாகப் போட்டுவந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே வகை ஈட்டி மரம். ஊர்விட்டு ஊர் போய்த் திரும்பிவந்த மரத்தைத் தடவிப் பார்த்து "இம்போர்ட்டட் மரம், அதான் இந்தச் சத்தம்" என்பார்கள்.

சத்தம் என்று வந்தால், இந்தக் கரையில் பேஸின் சத்தம் எந்த வழியாகக் காதுக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான மேடைகளில் பேஸுக்குத் தனி ஆம்ப் கிடையாது. கிட்டாரிலிருந்து ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற பெட்டி), அங்கிருந்து மைக்செட்காரரின் மிக்ஸர், அங்கிருந்து மேடையடியில் அடுக்கிய பாக்ஸ். ஊருக்குள் தெருத்தெருவாகக் கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கர். பேஸின் தடித்த கம்பி, அதாவது ஈ, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தராது. தெருவில் உட்கார்ந்து கேட்கிறவருக்குப் போய்ச் சேர்வது மேலே உள்ள கிளை அதிர்வுகள் மட்டும்தான். அடிச்சுருதியை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. இந்த வழியில் ஒரு லட்ச ரூபாய்க் கிட்டாருக்கும் பதினைந்தாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது இருந்தால், அதை மிக்ஸருக்குப் பின்னால் உட்கார வைக்கலாம். அங்கே செய்ய வேண்டியது வேறு: 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது, 500-லிருந்து 800 வரை கொஞ்சம் தூக்குவது, கீபோர்டுக்காரரின் இடது கையைச் சும்மா இருக்கச் சொல்வது. மூன்றாவதுதான் கஷ்டம்.

இனி இந்தக் கரையின் சொந்தச் சங்கதி. பாம்பன் புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள் என்றால் காரணம் உப்பு. பாலத்துக்கே அந்தக் கதி. கிட்டாரின் பாலத்தை, அதாவது உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை, கேட்கவே வேண்டாம். உப்பில் ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். இங்கே ராத்திரிக் கச்சேரி நேரத்தில் ஈரம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சாயங்காலம் கடல்காற்றில் வந்து படிந்த தூள், நள்ளிரவில் உப்புத் தண்ணீராகி இரும்பில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் துணியால் துடைத்தால் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உலோகப் பாகத்தை ஒற்றி எடுக்க வேண்டும், பிறகு உலர்ந்த பழைய வேட்டித் துணி. இந்த வரிசை மாறினால் துடைத்ததற்குப் பலன் இல்லை.

ஒரு பிரிட்ஜைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகடு பளபளவென்றுதான் இருக்கும், நிக்கலோ குரோமோ பூசியது. அதில் நான்கு சேடில், கம்பி ஒவ்வொன்றும் உட்காருகிற துண்டு. ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்துவது இரண்டு பொடித் திருகு. துரு முதலில் பிடிப்பது இந்தத் திருகுகளின் பொந்துக்குள். வாசிக்கும்போது உள்ளங்கை வியர்வை நேராக அங்கேதான் சொட்டும். பொந்துக்குள் பழுப்பாகப் பொடி அடைத்திருக்கும்போதே ஆறு மூலை ஆலன் சாவியைத் திணித்துத் திருப்பினால் மூலைகள் மழுங்கி, பொந்து வட்டமாகிவிடும். அப்புறம் அந்தத் திருகு நகராது, கம்பி உயரத்தை மாற்ற வழியே இல்லை. சாவி அளவிலும் ஒரு வம்பு: அமெரிக்கத் தயாரிப்பில் அங்குலக் கணக்கு, ஆசியத் தயாரிப்பில் மில்லிமீட்டர். 1/16 அங்குலம் என்பது 1.59 மி.மீ. அதில் 1.5 மி.மீ சாவி நுழையும், ஆனால் ஆடும். துருப்பிடித்த திருகில் அந்த ஆட்டம் போதும். பொந்தை ஊசியால் சுரண்டி, ஊசி முனையில் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். டப்பாவிலிருந்து நேராகப் பீய்ச்சினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். கழன்று வந்ததும் அதே மரை அளவில் ஸ்டெயின்லெஸ் திருகு மாற்றிவிடலாம். எட்டுத் திருகின் செலவு ஒரு சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். தலையில் இருக்கும் பெயருக்காக இதைவிட ஆயிரம் மடங்கு கொடுத்தவர்கள் இந்தத் திருகை மாற்றுவதில்லை.

கம்பியிலும் அப்படியே. எந்தக் கம்பெனிக் கம்பி என்பதில் சண்டை நடக்கும். எந்த வகைக் கம்பி என்பதில் நடக்காது. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்டுவவுண்டு கம்பியில் சுற்றுக்குச் சுற்று இடுக்கு இருக்கிறது; வியர்வையும் உப்பும் அங்கே குடியேறும், சில வாரத்தில் சத்தம் செத்துவிடும். கழற்றிக் கொதிதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு உலர்த்தினால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்தால் தலையில் இருக்கும் சுருதிச் சாவியில் சுற்றுகிற இடத்தில் அறுந்துபோகும். ஃப்ளாட்வவுண்டு தட்டையான நாடா சுற்றியது, இடுக்கு குறைவு, வருடக்கணக்கில் ஓடும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் இதைத்தான் போட்டார், மாற்றவே மாட்டார் என்று பேர் வாங்கியவர். இங்கே கச்சேரியில் பாதிக்குமேல் எழுபது, எண்பதுகளின் ராஜா பாட்டு. அந்த உருண்டையான சத்தத்துக்கும் ஃப்ளாட்வவுண்டு பொருந்தும். ஆனாலும் "அது பெருசுங்க போடுறது மாப்ள" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதைப் பிராண்டுத் திமிர் என்றுகூடச் சொல்ல முடியாது, வேறு ஒரு திமிர்.

கழுத்தும் பருவத்துக்குப் பருவம் அசையும். நான்கு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசையில் கழுத்தை முன்னால் இழுக்கின்றன. கழுத்துக்குள்ளே இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடு பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் மரம் ஈரம் குடித்து வளைவு மாறும், கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மறுபடி மாறும். விரல் படுகிற பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஈ கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இடைவெளியைப் பார்க்க வேண்டும். 0.3 மி.மீ அளவு இருந்தால் போதும், தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று நுழையலாம். கூடியிருந்தால் கால் சுற்று வலப்பக்கம், கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து அடுத்த கால் சுற்று. ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பி ராடை உடைத்தவர்கள் உண்டு. இப்படிச் சரிசெய்த மலிவான கிட்டார், சரிசெய்யாத விலையுயர்ந்த கிட்டாரைவிடக் கையில் நன்றாக உட்காரும். இதை மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் பிடுங்கிய தன் 1962 ஜாஸ் பேஸில் பள்ளங்களை அடைத்து, பலகையின்மேல் படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பூசினார். உலகமே மெச்சிய சத்தம் அது. இந்தக் கரையில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிற ஒவ்வொரு கொட்டகையிலும் ரெசினும் ஹார்டனரும் இருக்கின்றன. அதைப் பூசலாமா என்று கேட்டால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். "கிட்டார் ஸ்பெஷல்" என்று லேபிள் ஒட்டியிருந்தால் வாங்குவார்கள்.

இரைச்சல் விஷயத்திலும் பழி பெயருக்குத்தான் போகும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று. இரண்டு வால்யூமும் சமமாகத் திறந்திருக்கும்வரை கரண்டு இரைச்சலை ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்ததும் உறுமல் தலைகாட்டும். "டூப்ளிகேட்டு" என்று அப்போது தீர்ப்பு வரும். அசல் அமெரிக்க ஜாஸும் அதே மாதிரித்தான் உறுமும். பிரிசிஷனின் இரட்டைத் துண்டு பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஜி சுருதிப் பாட்டில் இரைச்சல் தம்பூரா போலக் கூடவே ஓடும், ஜெனரேட்டர் திணறினால் சுருதி இறங்கவும் செய்யும். எர்த் கம்பியைக் காய்ந்த மணலில் ஒரு சாண் குத்தியிருப்பார்கள். ஈர மணல் தட்டும்வரை இறக்கி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினால் பாதி அடங்கும். இரைச்சலுக்காக பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பது கொலைபாதக வேலை. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. எர்த் கெட்டிருந்தால் மைக்கில் உதடு பட்டதும் அடிக்கும். டி.ஐ. பாக்ஸில் சிக்னல் வழியின் எர்த்தை மட்டும் துண்டிக்கிற கிரவுண்டு லிஃப்ட் பட்டன் எதற்கு இருக்கிறது?

பிராண்டு பார்ப்பவர்கள் சரியாகச் சொல்கிற இடமும் உண்டு. மீனவர்களிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யமஹா அவுட்போர்டு மூடியிலும் யமஹா பேஸின் தலையிலும் இருப்பது அதே மூன்று இசைக்கவைதான். இன்ஜின் வாங்கும்போது அவர்கள் முதலில் கேட்பது "ஸ்பேர் எங்க கிடைக்கும்? விக்கப்போனா என்ன வரும்?" இந்த இரண்டு கேள்விக்கும் பெயருள்ள பேஸ் நல்ல பதில் வைத்திருக்கிறது. ஃபெண்டர் அளவுப் பிரிட்ஜ், பிக்கப், 250 கே (கிலோ ஓம்) வால்யூம் என்று எதுவும் மதுரையிலோ தபாலிலோ கிடைக்கும். பெயர் தெரியாத கிட்டாரில் திருகுத் துளைகளின் இடைவெளியே தனி. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சர்க்கியூட் உள்ள மாடலில் உள்ளே உப்புப் பூத்துப் போர்டு போனால், அந்தப் போர்டு எங்கேயும் கிடைக்காது. அதனால் இந்தக் கரைக்குப் பேட்டரி இல்லாத பாசிவ் நல்லது. ஆக்டிவ்தான் வேண்டுமென்றால், வாசித்து முடித்ததும் கேபிள் ஜாக்கைப் பிடுங்கிவிட வேண்டும். செருகியே இருந்தால் 9 வோல்ட் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், இறங்கிய பேட்டரி கசியும்.

பழைய பேஸ் விற்கிறவர்கள் அனுப்பும் போட்டோவில் முதலில் வருவது தலை, பிறகு உடம்பின் முன்பக்கம். பிரிட்ஜைப் பக்கத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேடில் திருகின் பொந்து தெரிகிற அளவுக்கு. அடுத்து ஜாக் தகட்டைக் கழற்றிய போட்டோ, பேட்டரிப் பெட்டி இருந்தால் அதன் முனைகள். நேரில் போனால் வால்யூமை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபது முறை திருகிப் பார்க்க வேண்டும். கரகரப்பு குறைந்துகொண்டே வந்தால் தூசு, குறையாமல் அப்படியே இருந்தால் உள்தடம் அரித்துவிட்டது, வால்யூமையே மாற்ற வேண்டிவரும். டிரஸ் ராடு இரண்டு பக்கமும் கால் சுற்று நகர்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசலாம். "அண்ணே, தலையப் பாருங்கண்ணே, ஒரிஜினல்" என்பார் விற்கிறவர். ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது.