வெள்ளையடித்த சுவர்

1932இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாடிச்சுவரைக் கொடுத்து 'வெப்பமண்டல அமெரிக்கா' வரையச் சொன்னார்கள், மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸிடம். பனைமரம், பழம், கிளி என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார்கள் போல. மனுஷன் நடுப்பகுதியைக் கடைசி ராத்திரி வரைக்கும் காலியாகவே வைத்திருந்து, உதவியாளர்களை அனுப்பிவிட்டு, தனியாக நின்று இரட்டைச் சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பழங்குடியையும் அவன் தலைக்கு மேலே சிறகு விரித்த அமெரிக்கக் கழுகையும் வரைந்துவிட்டார்! சும்மா விடுவார்களா? முதலில் தெருவிலிருந்து தெரிகிற பகுதிக்கு வெள்ளையடித்தார்கள், அப்புறம் முழுச் சுவருக்கும்.

அந்த வெள்ளை 1960களின் கடைசியில் உரியத் தொடங்கியது. 2012இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள், நிறமெல்லாம் மங்கிப்போய். படம் கிடைத்தால் வலது ஓரத்தைப் பாருங்கள், துப்பாக்கியோடு இரண்டு பேர் பதுங்கியிருக்கிறார்கள்.