ஸ்டாக்ஸ், அட்லாண்டிக் சோல் தட்டுகள்: முதல் பதிப்பைப் பிரித்து விலை போடும் வேலையில் இதுவரை தேறியவை

1960களின் அமெரிக்க சோல் இசைத்தட்டுகளில் முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எது என்று பிரிக்கும் வேலையில் ஸ்டாக்ஸ், அட்லாண்டிக் என்ற இரு நிறுவனங்களின் தட்டுகளும் ஓரளவு முடிந்தன. இதற்கு ஒரே விதிதான். உறை, தட்டின் நடுவில் உள்ள லேபிள், தட்டின் பொருள், லேபிளைச் சுற்றிய வளையத்தில் உள்ள ரன்-அவுட் எழுத்து ஆகிய நான்கும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். மூன்று பொருந்தி ஒன்று இடித்தால், இடிப்பதைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்டாக்ஸ் எளிது. மெம்பிஸ் நகரத்து இந்த நிறுவனத்தின் தட்டுகளை 1968 மே வரை அட்லாண்டிக் விநியோகித்தது. அதுவரை வந்த 45களின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டுகளின், லேபிள் நீலம். தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி ஒரு படம் இருக்கும். ஒப்பந்தம் முறிந்தபோது பழைய மாஸ்டர்கள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், அட்லாண்டிக்கிடமே நின்றுவிட்டன. ஸ்டாக்ஸ் மஞ்சள் லேபிளுக்கும் விரல் சொடுக்கும் சின்னத்துக்கும் மாறியது, எண்வரிசையையும் எஸ்டிஏ-0001 என்று புதிதாகத் தொடங்கியது. ஆகவே சாம் அண்ட் டேவ் பாடிய 1967ஆம் வருட ‘சோல் மேன்’, ஸ்டாக்ஸ் 231, கடைப் பிரதி என்றால் நீல லேபிளில்தான் இருக்க முடியும். விரல் சொடுக்கு லேபிளில் பெர்க்லி, கலிபோர்னியா என்ற முகவரி தெரிந்தால், அது 1977இல் ஃபேன்டசி நிறுவனம் ஸ்டாக்ஸை வாங்கிய பிறகு அடித்தது.

அட்லாண்டிக் எல்.பி.க்களில், அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய தட்டுகளில், ஏமாற்றுவது பட்டியல் எண். அரீதா ஃபிராங்க்ளினின் 1967 ஆல்பம் எஸ்டி 8139 பல வருடங்கள் திரும்பத் திரும்ப அச்சானது. உறையில் எண் மாறவே இல்லை. லேபிள்தான் மாறியது. முதல் ஸ்டீரியோ பதிப்புக்குப் பச்சை-நீல லேபிள். அடியில் 1841 பிராட்வே முகவரியோடு பச்சை-ஆரஞ்சு லேபிள் இருந்தால் 1960களின் கடைசியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை. 75 ராக்ஃபெல்லர் பிளாசா என்றால் 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு. உறையில் பார்கோடு இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், அது மறுபதிப்புதான். பழைய உறைக்குள் பிந்தைய தட்டைச் செருகி விற்பது சர்வசாதாரணம் என்பதால், விற்பவரிடம் உறைப் படத்தைவிட இரண்டு பக்க லேபிள் படங்களையே முதலில் கேட்க வேண்டும்.

அதிக நேரம் பிடிப்பது ரன்-அவுட், அதாவது கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான வளையம். 10 மடங்கு லென்ஸ் ஒன்றும் டார்ச் ஒன்றும் போதும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தட்டோடு தட்டாகச் சாய்த்துப் பிடித்து, தட்டை மெதுவாகச் சுற்றினால் எழுத்துகள் எழும்பி வரும். இரண்டு பக்கத்தையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். எது இயந்திர முத்திரை, எது கையால் கீறியது என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். வட்டத்துக்குள் எம்ஆர் என்ற முத்திரை லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையுடையது. கூடவே ஒரு முக்கோணமும் எண்ணும் கீறியிருக்கும். அது ஆலையின் வேலை வரிசை எண், கூடக் கூடக் காலம் பிந்துகிறது என்று அர்த்தம். முக்கோணம் கையால் கீறியது என்பதற்காக அதைக் கள்ளப் பதிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அசலிலும் அது கைக்கீறல்தான். சந்தேகப்பட வேண்டியது, முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கீறல் இருக்கும்போது. லேபிளைப் படமெடுத்து அச்சடித்த கள்ளப் பதிப்புகளில் சிறிய எழுத்துகளின் ஓரம் மங்கிக் கரைந்திருக்கும். லென்ஸில் உடனே தெரிந்துவிடும்.

அட்லாண்டிக் 45களில் மேட்ரிக்ஸ் எண்ணின் (பதிவை அடையாளம் காட்டும் எண்) வால் ஆலையைச் சொல்லும். எம்ஓ என்றால் மோனார்க், எஸ்பி என்றால் பென்சில்வேனியாவின் ஸ்பெஷாலிட்டி. ஒரே பாட்டு ஒரே சமயத்தில் பல ஆலைகளில் அச்சானது. அவற்றில் இதுதான் முதல், அது பிந்தையது என்று சண்டை போடுவதில் பொருளில்லை. எல்லாமே முதல் பதிப்புதான்.

ஆனால் ஆலையைப் பொறுத்துப் பொருள் மாறும். மோனார்க் 45களில் பெரும்பாலானவை வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற எளிதில் உடையும் பிளாஸ்டிக். நகத்தால் லேபிளின் ஓரத்தைத் தடவினால் ஒட்டிய காகிதம் தட்டுப்படும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருக்கும். ஸ்டைரீனை வளைத்துப் பார்க்கக் கூடாது, விரிசல் விடும். லேபிள் நனைந்தால் உரிந்து வரும். கனமான பழைய ஊசியில் ஓடிய ஸ்டைரீன், பார்க்கப் பளபளவென்றிருந்தும் உரத்த இடங்களில் சரசரவென்று இரையும். கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் சொன்னால் இங்கேதான் கவிழும். கடைசி அரை நிமிடத்தைப் போட்டுக் கேட்காமல் ஸ்டைரீனுக்கு விலை சொல்லவே கூடாது.

விலைக்கு, டிஸ்காக்ஸ், பாப்சைக் ஆகிய இணையதளங்களில் உண்மையில் விற்றுப்போன விலைகளை மட்டும் எடுத்து அவற்றின் நடு மதிப்பைக் கொள்கிறோம். கேட்கும் விலை யாருடைய ஆசையாகவும் இருக்கலாம். தட்டின் நிலையை மதிப்பிடும் கோல்ட்மைன் தரவரிசைப்படி, ஏறக்குறையப் புதிதான நியர் மின்ட் 40 டாலர் என்றால் அதற்கடுத்த விஜி பிளஸ் ஏறக்குறைய 20, அதற்கும் கீழான வெறும் விஜி 10. லேபிளில் பேனா எழுத்து, ஸ்டிக்கர், உறையில் வெட்டிய மூலை எல்லாம் இதற்கும் கீழே இழுக்கும். முதல் பதிப்பு என்பதாலேயே விலை ஏறாது. ‘சோல் மேன்’ லட்சக்கணக்கில் விற்றது, இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. மறுபக்கம், 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக அச்சாகிக் கடைக்கே வராமல் நின்றுபோன ஃபிராங்க் வில்சனின் தட்டு, ‘சோல்’ என்ற லேபிளின் எஸ்-35019, 2009 ஏலத்தில் 25,000 பவுண்டைத் தாண்டியது. நன்றாகப் பாடியும் விற்காமல் போனதே இந்தச் சந்தையில் பொன்.

அடுத்து, மோடவுன் பாட்டுகளை பிரிட்டனில் வெளியிட்ட டாம்லா மோடவுன், 1965 மார்ச்சில் தொடங்கிய வரிசை. அவை இஎம்ஐ ஆலைத் தட்டுகள் என்பதால் ரன்-அவுட்டில் வேறு குறியீடு: லேபிளின் ஒரு பக்கம் மதர் எண், எதிர்ப் பக்கம் ஸ்டாம்பர் எழுத்து. ஸ்டாம்பர் என்பது தட்டை அழுத்தும் அச்சு, மதர் என்பது அந்த அச்சை எடுக்கும் மூல உலோகத் தட்டு. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4. ஆக ஜிஆர் என்று இருந்தால் 12ஆவது ஸ்டாம்பர். மதர் எண் 1, எழுத்து வெறும் ஜி என்றிருக்கும் பிரதிகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.