தாளை மேசையில் வைத்தாள்

கல்லூரிக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் முன் பேச ஆரம்பித்த மாணவியின் கையில் இருந்த தாள் படபடவென்று நடுங்கியது.

வேலை தேடும் ஊர் இளைஞர்களுக்காக அரசுக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் உதவி மையம் பற்றிய விளக்கம் அது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும், 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டம் பற்றித் தெரிந்துகொள்ளவும் கூடவே உட்கார்ந்து உதவுகிறார்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "என் பையன் புதுப்பிக்காம விட்டுட்டாம்மா. இப்ப என்ன செய்யறது?"

தாளை மேசையில் வைத்தாள். "பதிவு அட்டையை எடுத்துட்டு வாங்கய்யா, பார்த்துடலாம்." அப்புறம் அந்தத் தாளை அவள் தொடவே இல்லை.

மதிப்பெண்ணுக்காக வகுப்பில் எடுக்கும் செமினாரில் இந்தத் தைரியம் வராது. தன் பதிலுக்காக ஒருவர் நிஜமாகவே காத்திருக்கும்போது குரல் தானாக நிமிர்கிறது. நம் கல்லூரிகள் இப்படி ஊர்க்காரர்களை அடிக்கடி உள்ளே அழைக்க வேண்டும்.