மின்கம்பிக்குக் கீழே ஒரு பங்குக் கிணறு

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வந்து இறங்கும் யாழ்ப்பாணத்தவர் பலருக்கு முதல் முகவரி யாரோ ஒருவருடைய வீட்டு பேஸ்மென்ட்தான். வாடகைப் பேச்சில் கார் நிறுத்தும் இடம் வரும், துணி துவைக்கும் நாள் வரும், விருந்தாளிகள் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் வரும். பின்வளவு மட்டும் வராது. அது மேல்வீட்டுக்காரருக்கு உரியது. அவர் அதில் புல் வளர்ப்பார், வெட்டுவார், மறுபடியும் வளர்ப்பார். நான் கோப்பாய்த் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். தின்ன முடியாத ஒன்றுக்கு ஒரு மனிதர் மாலை முழுவதும் தண்ணீர் விடுவதைச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பது எனக்கு ஒரு தனி வகை எரிச்சல்.

இந்த நகரத்தில் நிலம் இல்லை என்று சொல்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. உயர் அழுத்த மின்கம்பிகள் போகும் பாதைக்குக் கீழே, வீடு கட்ட முடியாத, உயரமான மரம் நட விடாத அகன்ற நிலம் ஸ்காபரோவை ஊடறுத்துக் கிடக்கிறது. அந்தப் பாதைகளில் ஒன்றை, டொன் ஆற்றுப் பக்கத்திலிருந்து ரூஜ் தேசிய நகரப் பூங்கா வரைக்கும் 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்வெளியும் சைக்கிள் பாதையுமாக மாற்றும் ‘மெடோவே’ திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. மால்வேர்னிலும் பிளெமிங்டன் பார்க்கிலும் இத்தகைய நிலத்திலேயே சமூகப் பண்ணைகள் நடக்கின்றன. வடமேற்கே ஜேன் வீதியில், பிளாக் கிரீக் சமூகப் பண்ணை ஏறத்தாழ 8 ஏக்கரில் இருக்கிறது. ரொறன்ரோ மாநகரம் உணவுக் கொள்கைக்கென்றே ஒரு மன்றத்தை 1991இல் அமைத்தது. அப்போது நான் பதுங்குகுழிக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஓடித் திரிந்த பையன்.

எங்கள் பண்ணை இவற்றையெல்லாம் விடச் சிறியது. பெயர் சொன்னால் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. அங்கே நடக்கும் வாக்குவாதங்களைத்தான் எழுதப் போகிறேன்.

கம்பிக்குக் கீழே பயிர் செய்வதற்குத் தனி ஒழுங்குகள் உண்டு. நிரந்தரக் கட்டடம் கூடாது. மின்சார நிறுவனத்தின் வண்டி வந்தால் வழி விட வேண்டும். முருங்கையைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினாலும் பனி அதை விட்டுவைக்காது. மழை தூறும் காலையில் தலைக்கு மேல் கம்பிகள் சடசடத்துக்கொண்டே இருக்கும். நீளமான இரும்பு வேலியைத் தொட்டால் சில நேரம் கையில் சுள்ளென்று ஓர் அதிர்வு ஏறும். ஆகவே பாகலுக்கும் பயிற்றைக்கும் பந்தல் மூங்கிலில்தான். விதை போடுவதற்கு முன்பே மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். நகரத்து மண்ணில் முன்பு எதைக் கொட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மண் களி. மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், வெயில் எறித்தால் வெடிக்கும். கோப்பாய்ச் செம்மண்ணில் கால் வைத்து வளர்ந்தவனுக்கு இது மண்ணே அல்ல என்று தோன்றியது. இதற்கு மருந்து சொன்னவர் நீர்வேலி அண்ணை. ஊரில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர், இங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகு நாள் முழுக்க வேலை இல்லாதவர். அக்டோபர் கடைசியில் தெருவோரம் எல்லா வீட்டு வாசலிலும் உயரமான காகிதப் பைகள் நிற்கும். மேப்பிள் மரத்துச் சருகை வாரி அடைத்து, மாநகர லாரி எடுத்துப் போவதற்காக வைத்திருப்பார்கள். அண்ணை ஒரு பையின் வாயைப் பிரித்துக் கையை முழங்கை வரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளினார். கசக்கி முகர்ந்தார்.

“தம்பி, இங்கே குழையைக் கட்டித் தெருவில் வைக்கிறார்கள். கேட்பார் இல்லை.”

பூவரசு, கிளிசரியா மரங்களின் குழையை, அதாவது இலைக் கொப்புகளை, வெட்டி வந்து பசளையாகத் தோட்ட மண்ணில் தாழ்த்துவது எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பழைய வழக்கம். குழைக்காகக் கையேந்தி நின்ற சனங்கள் நாங்கள். அந்த இலையுதிர் காலத்தில் அண்ணையும் நானும் ஒரு பழைய வான் வண்டியில் தெருத்தெருவாகப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் பை சேர்த்தோம். கொடுத்தவர்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் எதற்கு என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அவரே நான்கு பைகளைக் கொண்டு வந்து பண்ணை வாசலில் இறக்கினார். சருகைப் பரப்பி, மேலே மாநகரக் கூட்டெருவைப் போட்டு, பனிக்கு விட்டுவிட்டோம். பச்சைக் குழை மாதிரி உடனே உக்காது, பொறுமை வேண்டும். இரண்டு குளிர்காலம் கழித்து மண் கிளறும் முள்ளுக்கரண்டி முழுதாக இறங்கியது.

பருவம் இங்கே கொடுமையான எசமான். மே நடுப்பகுதி வரையிலும் உறைபனி விழலாம். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை முடியும் வரை கத்தரி, மிளகாய் நாற்றை வெளியில் நடுவதற்கு அனுபவசாலிகள் துணிவதில்லை. மார்ச்சிலேயே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் நாற்று போட வேண்டும். பேஸ்மென்ட் வாசிகளுக்கு இதில் ஒரு வசதி, வெயில் இல்லாத இடத்தில் விளக்கு வைத்து வாழ்வது எங்களுக்குப் பழகிய விஷயம். ஜூனில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். அப்போது வெண்டியும் பயிற்றையும் ஊரில் காணாத வேகத்தில் ஏறும். அக்டோபரில் எல்லாம் கறுத்து விழும். அந்த மாதத்தில் நட வேண்டியது உள்ளிப்பூடு ஒன்றுதான். அது பனிக்குக் கீழே கிடந்து, அடுத்த ஜூலையில் கைக்கு வரும்.

பூச்சி விஷயத்தில் ஒரு வேடிக்கை. கத்தரி இலையில் ஊசித் துளைகள் போட்டுத் துள்ளும் கறுப்பு வண்டுக்கு நாங்கள் உடனே நினைப்பது வேப்பெண்ணெயை. கனடாவில் வேப்பெண்ணெய் நெடுங்காலம் பூச்சிகொல்லியாகப் பதிவு பெறவில்லை. இலைக்குப் பளபளப்புக் கொடுக்கும் எண்ணெய் என்றுதான் கடையில் கிடைத்தது. எங்கள் பண்ணையில் இரண்டுக்கும் பயன்படுத்துவதில்லை, மெல்லிய துணியால் பாத்தியை மூடிவிடுகிறோம். இலை பளபளக்காவிட்டால் என்ன, காய் காய்த்தால் போதும்.

தண்டுக்கீரைதான் எங்களை மற்றவர்களோடு சேர்த்தது. ஒன்ராறியோ வயல்களில் இதன் உறவுக்காரச் செடி ஒன்று பெரிய களை. முதல் வருடம் ஒரு வெள்ளைக்காரத் தன்னார்வலர் எங்கள் பாத்தியில் நல்ல எண்ணத்தோடு களை பிடுங்கத் தொடங்கினார். “விடு, விடு, அது சாப்பாடு” என்று முதலில் கத்தியது நான் அல்ல, ஜமேக்கா அம்மா. அவருக்கு அது கலலூ, வெங்காயமும் உப்பிட்ட மீனும் போட்டு வதக்குவதற்கு. கயானாக்காரர் ஒருவர் பயிற்றங்காய்க்காகவே எங்களோடு சேர்ந்தார். பிலிப்பினோ தாதி ஒருவர் பாகற்காயை எங்களுக்கு விட்டுவிட்டுக் கொழுந்தைப் பறித்துப் போவார். யார் எதைத் தின்பார் என்பதில் சண்டையே இல்லை. சண்டை எல்லாம் தண்ணீரில்.

நிலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு குழாய். அழுத்தம் குறைவு, இரண்டு ஹோஸை ஒன்றாகத் திறந்தால் இரண்டுமே ஒழுகும். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி வைத்து வாளியால் ஊற்றுவோம். மழை தவறிய ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொட்டி காலி. நிரப்ப வேண்டியவர் வரவில்லை. அண்ணை கொதித்துப் போனார். “கத்தரி நாலு நாள் தாகத்தில் நின்றால் காய் கைக்கும், தம்பி. கைத்த காயை சனிக்கிழமைச் சந்தையில் யார் வாங்குவார்கள்?”

வராதவர் இரவு வேலை செய்பவர், அன்று கூடுதல் நேரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் மாட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரம் வேலை இருக்காது. இது எனக்குத் தெரியும், நானும் அதே வகை வேலைதான். ஆனால் எங்கள் விதியில் அதற்கு இடமில்லை. விளைச்சலில் ஒரு பகுதி சந்தைக்கு, ஒரு பகுதி உணவு வங்கிக்கு, மிச்சம் வேலை செய்த மணிக்கணக்கின்படி உறுப்பினர்களுக்கு. மணிக்கணக்கு எழுதப்பட்டது சனிக்கிழமை காலையில் மட்டும். சனி காலையில் ஓய்வாக இருப்பவர் யார்? அலுவலக வேலைக்காரர்களும் ஓய்வூதியக்காரர்களும். வாரம் முழுவதும் இருட்டில் வந்து வாளி தூக்கியவர் பெயர் பலகையில் இல்லை.

நூலகத்தின் சிறிய அறையில் கூட்டம் வைத்தோம். இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கியது போதவில்லை. நூலகர் விளக்கை அணைத்துக் காட்டிய பிறகு வாகனத் தரிப்பிடத்தில் நின்று தொடர்ந்தோம். முழங்கால் தேய்ந்த ஜமேக்கா அம்மா கதிரையில் இருந்தபடியே விதை சுத்தம் செய்கிறாரே, அது வேலையா இல்லையா? வேலை என்றார்கள் பாதிப் பேர். அப்படியானால் வீட்டிலிருந்து கணக்கு எழுதுவதும் வேலைதானே என்றார் கணக்கு எழுதுபவர். தேவைக்கேற்பக் கொடுப்போம், கணக்கே வேண்டாம் என்றார் ஒரு பல்கலைக்கழக மாணவி. அண்ணை அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

அந்தத் தரிப்பிடத்தில் எனக்கு ஐயாவின், என் அப்பாவின், நினைவு வந்தது. எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு, பங்குகாரர் முறை வைத்து இறைப்பது. யாழ்ப்பாணத்தில் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படும். எழுதியும் என்ன, இறைப்பு முறை தப்பினால் வாய்த்தர்க்கம், அது முற்றினால் கோடு, அதாவது நீதிமன்றம். ஐயாவும் மற்றப் பங்குகாரரும் பேச்சில்லாமல் வருடக்கணக்காக ஒரே கிணற்றில் இறைத்தார்கள். பேசாவிட்டாலும் ஒருவர் முறையை மற்றவர் எடுத்ததில்லை. கனடாவில் நான் வரி கட்டியிருக்கிறேன், வாக்குப் போட்டிருக்கிறேன், குடியுரிமைச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு தொட்டித் தண்ணீருக்காக ஐந்து நாட்டுக்காரரோடு குரலை உயர்த்தி நின்ற அந்த இரவில்தான், இந்த ஊரில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தோன்றியது. பங்கில்லாதவனோடு யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள். அதுவரைக்கும் எல்லோரும் என்னோடு மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

முடிவு ஒன்று வந்தது. ஜூலை, ஆகஸ்டில் வாரநாள் தண்ணீருக்கு ஒன்றரை மடங்கு மணி. விதை வேலையும் கணக்கும் வேலைதான். முறை தவறுகிறவர் மதியத்துக்குள் செய்தி அனுப்பினால் குற்றமில்லை. மாணவி தோற்றாலும், உணவு வங்கிப் பகுதியை யாரும் பிறகு குறைக்கக் கூடாது என்று எழுத வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

நகரப் பண்ணை நகரத்துக்கே சோறு போடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். வருடத்தில் பாதி நாள் வெளியில் ஒன்றும் விளையாத ஊரில், சில ஏக்கரில் அது நடக்காது. அரிசியும் பருப்பும் கப்பலில்தான் வரும். பண்ணைக்குச் சம்பளம், எரு, காப்புறுதி என்று செலவு இருக்கிறது. மானியம் நின்றால் பாதிப் பண்ணைகள் தள்ளாடும். கோடையில் சில மாதங்களுக்குச் சில குடும்பங்களின் மரக்கறி, தெருவோரப் பையிலிருந்து நேரே எங்கள் மண்ணுக்கு வரும் சருகு, காரில் ஏறாமல் நடந்து போய் வாங்கும் ஒரு சனிக்கிழமைச் சந்தை, இவ்வளவுதான் கணக்கு. இதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கூட்டிச் சொல்வதும் பிடிக்காது.

பெப்ரவரியில் அடுத்த கூட்டம். இரண்டாவது தொட்டி வாங்குவதா, அந்தக் காசில் பூண்டுப் பாத்தியைப் பெருக்குவதா என்பது விவாதம். தொட்டி வேண்டும் என்பது என் கட்சி. அண்ணை பூண்டுப் பக்கம். ஜமேக்கா அம்மாவையும் கயானாக்காரரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட்டுக்கறியும் புட்டும் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இந்தச் சனிக்கிழமை தாதியை நான் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன்.