ராஜ்மாவும் வெள்ளையணுவும்

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களில் பைட்டோஹீமக்ளூட்டினின் போட்டு மூன்று நாள் வளர்ப்பது. வாயில் நுழையாத பெயர், சுருக்கமாக பி.எச்.ஏ. எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால் ராஜ்மா! அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியெடுக்க வைக்கிற அதே புரதம்.

முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் செல்கள் ரவை சிந்தினாற்போல் தனித்தனியாகக் கிடந்தன. மறுநாள் அங்கங்கே கொத்து. மூன்றாம் நாள் ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்து, திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு, சிவப்பாக இருந்த மீடியம் (செல்களை வளர்க்கும் திரவம்) ஆரஞ்சாகி மஞ்சளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நன்றாக வளரும் என்று ஒரு வரிசையில் தாராளமாக ஊற்றியிருந்தேன், அதில் பாதி செத்துக் கிடந்தது. இதற்கெல்லாம் கைப்பக்குவம் வேண்டும் போல.

பி.எச்.ஏ. வெள்ளையணுக்களைப் பெருகவைக்கும் என்பது தற்செயலாகக் கிடைத்த விஷயம். 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவல், பி.எச்.ஏ. கலந்து வளர்த்த ரத்தத்தில் லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளையணுக்கள் பிரிந்து பெருகுவதைக் கண்டார். சிவப்பணுக்களை ஒட்டவைத்து அடியில் இறக்கத்தான் அதைச் சேர்ப்பார்கள். லிம்போசைட் இனிமேல் பிரியாது, அதன் கதை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கும் ரத்தத்தில் குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் பி.எச்.ஏ. போட்டுத்தான் செல்களை எழுப்புகிறார்கள்.

பி.எச்.ஏ. போன்ற புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். அவை பிடிப்பது செல்லின் மேலிருக்கும் சர்க்கரையை. லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்லுக்கு, கிருமியை அடையாளம் காண ஏற்பி உண்டு. அதில் உள்ள சர்க்கரைகளை பி.எச்.ஏ. சேர்த்துப் பிடித்து இழுத்ததும், கிருமி வந்துவிட்டதென்று செல் பெருகக் கிளம்பிவிடுகிறது. வேர்க்கடலை லெக்டின் வேறு மாதிரி. டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியில், முதிராத செல்களின் கேலக்டோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும், அவற்றைக் கொத்தாகக் கட்டிவிடும். முதிர்ந்தவற்றில் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை அதை மூடியிருப்பதால் தொடாது. நத்தை லெக்டினை வைத்து டி செல்லைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் இந்தச் சியாலிக் மூடியை நொதியால் வெட்ட வேண்டும். சோயா லெக்டினையும் ஆட்டின் சிவப்பணுக்களையும் வைத்து, பெற்றோரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து, குழந்தையின் உடலையே தாக்கக்கூடிய டி செல்களை நீக்கி, நோயெதிர்ப்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் செலுத்தியது 1980-களில்.

அடுத்த வாரம் எனக்கு ஜாகலின் என்ற லெக்டின். அது பலாக்கொட்டையில் இருப்பது, ஐ.ஜி.ஏ.1 ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும், கேலக்டோஸ் கரைசலை ஊற்றினால் விட்டுவிடும். சில மில்லிகிராமுக்கு என்ன விலை என்று பட்டியலில் பார்த்தேன். ஊரில் சுட்டுத் தின்றது போக மிச்சத்தை மாட்டுக்குப் போட்டிருக்கிறோம்.